‘சொன்னாங்க சார்’ செல்லாது!

கீழவைப்பாரிலிருந்து தினமும் பஸ் பிடித்து தூத்துக்குடி வந்து பி.காம். ஃபைனல் இயர் படிக்கும் ஒரு தோழியின் கேள்விதான் இந்த வாரம்.

‘சைபர் செக்யூரிட்டி ஆடிட்டர் ஆகலாம், 45 நாள் கோர்ஸ், ஐம்பதாயிரம் ஃபீஸ், வேலை கேரண்டின்னு ஒரு சென்டர்ல சொல்றாங்க. அப்பா போட்டுக்கு வாங்கின கடனே இன்னும் முடியல. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காத நான் இதுல சேரலாமா?’

ஆடிட்டர் ஆகலாம் தோழி. அந்தக் கோர்ஸில் சேர வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையா வாங்க.

முதல்ல, ஹூடி போட்டுக்கிட்டு இருட்டு ரூமில் பச்சை எழுத்து ஓடும் ஸ்க்ரீன் முன்னாடி உட்கார்ந்திருக்கும் ஆளை மறந்துடுங்க. பூட்டை உடைத்துப் பார்க்கிறது அவர் வேலை. ஆடிட்டர் உடைக்க மாட்டார். ‘பூட்டு எங்கே? சாவி யார் யார்கிட்ட இருக்கு? போன மாசம் வேலையை விட்டுப் போனவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தாரா? கொடுத்ததுக்கு ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கா? காட்டுங்க’ என்று கேட்பார். அந்த ‘காட்டுங்க’தான் மொத்த வேலையும். ‘எல்லாம் பக்காவா இருக்குன்னு ஐ.டி. மேனேஜர் சொன்னாங்க சார்’ என்பது ஆடிட் ரிப்போர்ட்டில் செல்லாது.

இதுக்கு உங்க கடலிலேயே உதாரணம் இருக்கு. தமிழகக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்தக் காலத்தில் ‘இந்த வருஷம் முத்துக்குளிப்பு உண்டு’ என்று அரசாங்கம் சும்மா அறிவித்துவிடாது. முதலில் ஆட்களை அனுப்பி ‘பார்’களைச் சோதிக்கும். கொஞ்சம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்துத் திறந்து, முத்தைக் கழுவி, வியாபாரிகளை வைத்து ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று மதிப்புப் போடும். அதுக்கப்புறம்தான் அறிவிப்பு. இதைத்தான் இன்னிக்கு ஏ.சி. ரூமில் உட்கார்ந்து ‘சாம்பிளிங்’ என்கிறார்கள். பத்தாயிரம் யூசர் ஐ.டி.யையும் யாரும் பார்க்க முடியாது. சிலதை எடுத்துத் தோண்டிப் பார்த்து, மீதியைப் பற்றி ஒரு முடிவுக்கு வரணும்.

அதே கடலில் இன்னொரு வழக்கமும் சொல்வாங்க. முங்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்கணும். ஏன்னா, முங்கிறவனுக்கு ஏதாவது ஆனா தாலி அறுபடுவது அவன் தங்கச்சிக்கு. ஆடிட்டில் இது அப்படியே தலைகீழ்! மச்சான் வரவே கூடாது. சிஸ்டத்தை அமைத்தவரோ, அதை நடத்துகிறவரோ, அவருக்கு வேண்டப்பட்டவரோ ஆடிட் பண்ணினா அந்த ரிப்போர்ட் வெறும் பேப்பர்.

சரி, இவ்வளவு கெடுபிடி எதுக்கு? நம்ம பக்கத்துக் கதை ஒண்ணு கேளுங்க. 2018 பிப்ரவரி. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ‘ஸ்விஃப்ட்’ அமைப்பு வழியாக மூன்று போலி உத்தரவுகள் போயின. துபாய், துருக்கி, சீனா என்று மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒப்புகைச் செய்தி தானாக பிரிண்டரில் வரணும். அன்னிக்கு வரலை. பிரிண்டரை முடக்கி வைத்திருந்தார்கள். ஏதோ நெட்வொர்க் கோளாறு என்று நினைத்திருக்கிறார்கள். மறுநாள் கணக்கை ஒத்துப்பார்த்தபோதுதான் ‘இந்த மூணும் நாம அனுப்பினதே இல்லையே!’ என்று தெரிந்தது. துபாய், துருக்கி பணத்தை வழியிலேயே தடுத்துவிட்டார்கள். சீனாவுக்குப் போன 10 லட்சம் டாலரை போலி ஆவணம் காட்டி எடுத்துவிட்டார்கள்.

ரெண்டே வருஷம் முன்னாடி, 2016 பிப்ரவரியில், பங்களாதேஷ் மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் பறந்தபோதும் முதலில் ஊமையானது ஸ்விஃப்ட் பிரிண்டர்தான். ‘பிரிண்டர் ரிப்பேர்’ என்றால் நாம சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவோம். ஆடிட்டர், ‘கடைசியா வந்த பிரிண்ட் எப்போ? அதுக்கப்புறம் என்னென்ன பரிமாற்றம் போச்சு?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு சி-ப்ளஸ்-ப்ளஸ் தெரிய வேண்டாம். வங்கிக் கணக்கை ஒத்துப்பார்க்கும் பாடத்தை நீங்கதானே தோழி முதல் வருஷமே படிச்சீங்க? கம்ப்யூட்டர் சயின்ஸ் பையனுக்கு அது தெரியாது!

தூத்துக்குடி கதையும் இருக்கு. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியிலிருந்து சென்னையில் ஒரு டாக்ஸி டிரைவரின் கணக்கில் தவறுதலாக 9,000 கோடி ரூபாய் வரவானது ஞாபகம் இருக்கா? வங்கி கொஞ்ச நேரத்தில் திருப்பி எடுத்துக்கொண்டது. எல்லாரும் மீம்ஸ் போட்டோம். ஆடிட்டர் சிரிக்க மாட்டார். ‘ஒருத்தர் பதிவு பண்ணினா இன்னொருத்தர் ஓகே பண்ணணுமே, இவ்வளவு பெரிய தொகைக்கு அந்த ரெண்டாவது ஆள் யார்?’ என்பார்.

அப்புறம் கூடங்குளம். 2019 அக்டோபர் 29-ம் தேதி, அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி நெட்வொர்க்குடன் இணைக்கப்படாதது, சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று நிலையத்தின் தரப்பிலிருந்து அறிக்கை வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், மால்வேர் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான் என்றது. செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-ம் தேதி கவனித்துத் தெரிவித்திருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க் தனி, அங்கே பாதிப்பில்லை என்றும் சொன்னது. ரெண்டு அறிக்கையும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்று வாதாடலாம். ஆனா என் கட்சி ஆடிட்டர் கட்சி. ‘இணைப்பே இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு முன், இந்த நெட்வொர்க்கிலிருந்து அந்த நெட்வொர்க்குக்கு பென் டிரைவ் போகுதா, லேப்டாப் போகுதா, அதுக்கு ரிஜிஸ்டர் உண்டா என்று யாராவது நடந்துபோய்ப் பார்த்திருக்கணும்.

இப்போ சட்டமும் பின்னால நிக்குது. 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் உத்தரவுப்படி சைபர் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்கணும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கணும். 2025 ஜூலை வழிகாட்டுதல் வருஷத்துக்கு ஒரு ஆடிட்டாவது வேண்டும் என்கிறது. அதனால வேலை இருக்கு. வேலை இருக்கிற இடத்தில் 45 நாள் கோர்ஸும் முளைக்கும், இல்லையா?

படிப்பு விஷயத்துக்கு வருவோம். இந்தத் துறையில் பழைய, மதிப்புள்ள பெயர் ‘சிசா’. ஐசாகா என்ற உலக அமைப்பு 1978 முதல் நடத்துகிறது. 150 கேள்வி, 4 மணி நேரம். 200 முதல் 800 வரையான அளவில் 450 எடுத்தால் பாஸ். பரீட்சையை யாரும் எழுதலாம். ஆனா சான்றிதழ் கையில் வர 5 வருஷ அனுபவம் காட்டணும். டிகிரி மாதிரி சில தகுதிகளுக்கு அதில் அதிகபட்சம் 3 வருஷம் தள்ளுபடி உண்டு. பாஸ் பண்ணின 5 வருஷத்துக்குள் விண்ணப்பிக்கணும். பரீட்சைக் கட்டணம் உறுப்பினருக்கு 575 டாலர், மற்றவர்களுக்கு 760 டாலர். காலேஜ் முடித்த கையோடு இதில் பணத்தைப் போடாதீங்க. வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் கழித்து, முடிந்தால் கம்பெனி காசிலேயே எழுதுங்க.

ஐ.எஸ்.ஓ. 27001 லீட் ஆடிட்டர் பயிற்சி இன்னொண்ணு, பொதுவா 5 நாள். 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள். அதில் தொழில்நுட்பம் சார்ந்தது 34 மட்டுமே. மீதி 59-ம் நிர்வாகம், ஆட்கள், கதவு-பூட்டு சமாச்சாரம். ‘பி.காம். படிச்சவங்க வரலாமா?’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியலை. அதுக்காக அந்த 34-ஐ விட்டுடவும் முடியாது. ஐ.பி. அட்ரஸ்னா என்ன, ஃபயர்வால் என்ன பண்ணும், டேட்டாபேஸ் எப்படி வேலை செய்யும்... இதெல்லாம் கத்துக்கணும். என்.பி.டி.இ.எல். வகுப்புகளை இலவசமாகவே பார்க்கலாம், சான்றிதழ் பரீட்சைக்கு மட்டும் கட்டணம். எக்செல் கையில் தண்ணி பட்ட பாடா இருக்கணும். வேலையை விட்டுப் போனவங்க லிஸ்ட்டையும் உயிரோட இருக்கிற யூசர் ஐ.டி. லிஸ்ட்டையும் ஒப்பிடுவதுதான் உங்க முதல் நாள் வேலையா இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழகுறேன்னு காலேஜ் சர்வரையோ கூட்டுறவு சங்கத்து கம்ப்யூட்டரையோ அனுமதி இல்லாமல் நோண்டாதீங்க. ஐ.டி. சட்டம் 66-வது பிரிவில் 3 வருஷம் வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம். எழுத்தில் அனுமதி வாங்கி, காலேஜ் லேபில் பேக்கப் எடுக்கிறாங்களா, எடுத்ததைத் திருப்பிப் போட்டா திறக்குதா என்று ஒரு சின்ன ரிப்போர்ட் எழுதிப் பாருங்க. இன்டர்வியூவில் அந்த நாலு பக்கம் பேசும்.

வேலையில் கஷ்டம் வேற மாதிரி. ஸ்க்ரீன்ஷாட் சேகரித்தே முதல் வருஷம் ஓடிடும். போர்தான். ஆனா ஒரு நாள், ‘அடுத்த மாசம் சரி பண்ணிடுவோம், இப்போ ஓகே போட்டுடுங்க தங்கச்சி’ என்று காபி வாங்கிக் கொடுத்து ஒருத்தர் கேட்பார். உங்க பாஸே கூட அவருக்காகப் பேசலாம். அந்த நேரத்தில் என்ன எழுதுவீங்க என்பதை எந்த கோர்ஸும் சொல்லித் தராது.

இப்போ அந்த சென்டர். போய் மூணு கேள்வி கேளுங்க. முடிவில் கொடுக்கும் சான்றிதழ் எந்த அமைப்புடையது? வேலை கேரண்டியை, வேலை கிடைக்காவிட்டால் ஃபீஸ் திரும்ப வரும் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுப்பாங்களா? போன பேட்ச்சில் வேலை கிடைத்தவங்களோட நேரில் பேச முடியுமா? ‘செர்ட்-இன் அங்கீகாரம் பெற்ற ஆடிட்டர் ஆகலாம்’ என்று நோட்டீஸில் போட்டிருந்தா அதையும் கேளுங்க. செர்ட்-இன் அந்தப் பட்டியலில் சேர்ப்பது நிறுவனங்களைத்தான், தனி ஆளை இல்லை.

பேப்பர் எதையும் காட்டாமல் ‘நம்பிக்கைதாம்மா எல்லாம்’ என்று சொன்னாங்கன்னா, அடுத்த பஸ் எத்தனை மணிக்குன்னு பாருங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்க.