குறுங்காட்டின் தரையில் என்ன முளைக்கிறது?

சென்னையில் குறுங்காடு என்றாலே எத்தனை கன்று நட்டார்கள், எத்தனை அடி வளர்ந்திருக்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 2020-இல் கோட்டூர்புரத்தில் மாநகராட்சி, கன்றுகளை நெருக்கி நடும் மியாவாக்கி முறையில் கன்றுகளை நட்டது. அதன்பின் இந்த முறை நகரின் பல பகுதிகளுக்கும் பரவியது. வெற்றிடத்தை விட மரக்கூட்டம் மேல் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நட்ட மரங்கள் காடாகின்றனவா என்று அறிய அண்ணாந்து பார்த்துப் பயனில்லை, குனிந்து பார்க்க வேண்டும். நாம் நடாத செடி ஏதாவது அங்கே தானாக முளைத்து நிற்கிறதா? அதை முடிவு செய்பவை வெளிச்சம், ஈரம், சருகு, விதை ஆகிய நான்கும்தான். இவற்றில் பெரும்பகுதி நம் கையில் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். கோட்டூர்புரத்தை ஒட்டியே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. அங்கே மரநிழலில் கொஞ்சியும் காட்டு எலுமிச்சையும், வெளிச்சம் விழும் இடங்களில் களாவும் புதராக நிற்கும். கொஞ்சியின் பழம் சுண்டைக்காய் அளவில், இளஞ்சிவப்பாக, உள்ளிருக்கும் விதை தெரிகிற மாதிரி இருக்கும். கொண்டைக்குருவி அதைத் தின்று வேறொரு கிளையில் உட்கார்ந்து எச்சமிடும். விதை அந்த மரத்தின் நிழலிலேயே விழுந்து முளைக்கும். அதே குருவி அயல் களையான உண்ணிச்செடியின் விதையையும் பரப்பத்தான் செய்கிறது. ஆனால் உண்ணிச்செடிக்கு வெயில் வேண்டும். மரக்கிளைகளின் கூரை பிளந்து வெயில் கொட்டும் இடத்தில் அதன் கை ஓங்கும், நிழல் படரும் இடத்தில் கொஞ்சி தாக்குப்பிடிக்கும். குருவி கொண்டுவருவதில் எது பிழைக்கும் என்பதைத் தரையில் விழும் வெளிச்சத்தின் அளவே முடிவு செய்கிறது.

அப்படியானால் நெருக்கி நட்டு நிழல் உண்டாக்குவது நல்லதுதானே என்று கேட்கலாம். கிண்டிக் காடே அடர்ந்ததுதானே என்றும் வாதிடலாம். நியாயமான கேள்விகள். ஆனால் கிண்டியின் அடர்த்தி பல வயது மரங்களால் ஆனது. ஒரு மரம் விழ, ஓர் இடைவெளி திறக்க, மான் ஒரு பக்கம் மேய, நிழல் திட்டுத் திட்டாகத்தான் விழுகிறது. சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்று வரை ஒரே நாளில் நடும்போது எல்லாம் ஒரே வயது. எல்லாம் வெளிச்சத்துக்காக ஒரே நேரத்தில் மேலே ஓடும், வேர்களும் நெருக்கியடித்துத் தண்ணீர் தேடும். அகிரா மியாவாக்கி இந்த முறையை வகுத்தது ஆண்டு முழுவதும் பரவலாக மழை பெறும் ஜப்பானில். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். அடுத்த ஜனவரியிலிருந்து மே வரை வானம் கைவிரித்துவிடும். லாரித் தண்ணீரும் நின்றுபோன சித்திரை வெயிலில், மேல்மண்ணில் மிஞ்சும் ஈரத்தை நெருங்கி நிற்கும் மரவேர்களே உறிஞ்சிக்கொண்டால் கீழே முளைத்த நாற்றுக்கு என்ன கிடைக்கும்? மியாவாக்கி திட்டத்திலேயே புதர்ச்செடிகளும் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் நடுவது வேறு, நிலைப்பது வேறு. முந்தி வளரும் மரங்கள் கூரையை மூடியபின் அந்தப் புதர்களில் எத்தனை பூத்துக் காய்க்கின்றன என்பதே கேள்வி.

சருகு விஷயத்தில்தான் நம் பழக்கம் பெரிய தடை. வாசலைப் பெருக்குகிற மாதிரி மரத்தடியையும் பெருக்கினால்தான் நமக்குத் திருப்தி. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ தி.நகர் பனகல் பூங்காவிலோ நடைபாதையைப் பெருக்குவது சரி. அவை மக்கள் நடக்கவும் உட்காரவும் உள்ள இடங்கள். குறுங்காட்டிலும் அப்படிச் செய்தால் ஈரத்தைக் காக்கும் போர்வையையும், மண்ணாக வேண்டிய இலையையும், முளைக்க இருந்த விதையையும் சேர்த்தே குப்பை வண்டியில் ஏற்றுகிறோம். சருகு கிடந்தால் கொசு வரும் என்ற பயத்துக்கு ஆதாரம் குறைவு. டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில்: வீசியெறிந்த கப், பழைய டயர், மூடாத டிரம். அகற்ற வேண்டியவை அவைதான். பாம்பு பயமும், கோடையில் சிகரெட் நெருப்பு பற்றும் என்ற பயமும் அப்படியல்ல, உண்மையானவை. புதர் மறைப்பில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் அவ்வழியே நடக்கும் பெண்களின் கவலையும் உண்மையானதே. இவற்றுக்கெல்லாம், பாதையை ஒட்டி இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்குச் சருகையும் புதரையும் நீக்கி, விளக்கு போட்டால் போதும். உள்ளே முழுவதையும் மொட்டையடிக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது பெரிய செலவும் அல்ல. கூரை மூடிய குறுங்காடுகளில் மெலிந்து நீண்ட மரங்களில் சிலவற்றை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கழிக்க வேண்டும். வெட்டிய மரத்தை வெளியேற்றாமல் அங்கேயே போட்டு மட்கவிட வேண்டும். திறந்த இடங்களில் உண்ணிச்செடி முந்துவதற்குள் கொஞ்சி, களா, காட்டு எலுமிச்சைக் கன்றுகளை நட்டுவிட வேண்டும். வளர்ந்த மரத்தை வெட்டுவதா என்று எதிர்ப்பு வரும். மரத்தை எண்ணியே பெருமைப்பட்ட ஊரில் அது வியப்பில்லை. ஆனால் நெருக்கி நட்டதில் ஒரு பங்கு எப்படியும் பட்டுப்போகும். எது போக வேண்டும் என்று நாமே தேர்ந்தால் கீழே இருப்பவற்றுக்கும் வெளிச்சம் கிடைக்கும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் உயிரோடிருக்கும் கன்றுகளின் கணக்கோடு, ஐந்தாம் ஆண்டு முடிவில் தானாக முளைத்த செடிகளின் கணக்கையும் ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம். அந்த எண் பூஜ்யமாக இருந்தால், ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் மாநகராட்சி ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கட்டும்.