நாலு பேர் தள்ளினால் போதுமா?



எங்களிடம் படித்துவிட்டு இப்போது இங்கிலாந்தில் குடும்பத்தோடு இருக்கும் பழைய மாணவர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள். அவர்களில் சிலர் அண்மைக்காலமாகக் கேரவன் வாங்கத் தொடங்கியிருப்பதைப் படங்களில் காண்கிறோம். சொந்தக் குசினி, சொந்தக் கட்டில், தொழுவதற்கு ஓர் இடம். நல்ல விஷயம்தான். இந்தப் பதிவு முக்கியமாக அவர்களுக்கு. ஊரில் இருந்து வாசிப்பவர்களும் கடைசிவரை வாசியுங்கள். சாமான் வேறானாலும் இந்தப் பிழையை நாம் எல்லோரும் விடுகிறோம்.

போன ஓகஸ்ட் லீவில் நாங்கள் இருவரும் லெஸ்டரில் இருக்கும் ராத்தாவின் வீட்டில் மூன்று கிழமை நின்றோம். எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிப்பவர், மற்றவர் கணிதம். போய் இரண்டாம் நாளே ஒரு வேலை எங்கள் தலையில் விழுந்தது. அவர்களுடைய கேரவனுக்கு ஒரு 'மூவர்' தெரிவு செய்து கொடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஜூன் மாதம் அந்தக் கேரவனை வீட்டு முற்றத்துக்கு ஏற்றும்போது ராத்தாவின் மகனுடைய பாதத்தில் சக்கரம் ஏறிவிட்டது. மச்சான், மகன், பக்கத்து வீட்டுக்காரர், இன்னும் இரண்டு நண்பர்கள் என்று ஐந்து பேர் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளியிருக்கிறார்கள். பாதிச் சரிவில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. மச்சான் முன்னுக்கு ஓடி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். மகன் கட்டை வைக்கக் குனிந்தான். பிரேக் இழுத்த பிறகும் வண்டி கொஞ்சம் பின்னுக்கு உருண்டது. பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்து, பிள்ளை ஊன்றுகோலோடு போய்ப் பரீட்சை எழுதினான்.

பிரேக் பழுதில்லை. இந்த வண்டிகளின் பிரேக் அமைப்பே அப்படித்தான். கார் பின்னுக்கு எடுக்கும்போது கேரவனின் பிரேக் தானாகப் பிடித்துவிடாமல் இருக்க உள்ளே ஓர் ஏற்பாடு உண்டு. அதனால் ஹேண்ட் பிரேக் போட்டாலும் பின்பக்கமாக உருளும் வண்டி சிறிது தூரம் போன பிறகுதான் இறுக்கமாக நிற்கும். இது அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"இனி அந்தச் சாமான் இந்த வீட்டுல வேணாம்" என்று ராத்தா சொன்னார். ஆனால் விற்கவும் மனமில்லை. கடைசி மகளுக்கு ஓட்டிசம். புதிய அறையில், புதிய கட்டிலில் அவள் தூங்க மாட்டாள். ஹோட்டலில் போட்ட இரவுகள் எல்லாம் விடியும் வரை அழுகையில் போனவை. கேரவனில் மட்டும் அது தன்னுடைய கட்டில் என்று தெரிந்து தூங்குகிறாள். அந்த வண்டி போனால் அந்தக் குடும்பத்துக்கு விடுமுறை என்பதே இல்லை.

மூவர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கேரவனின் அடிச்சட்டத்தில் கவ்விகளால் பூட்டும் மின்மோட்டார்கள். ஒவ்வொரு மோட்டாரிலும் ஓர் உருளை இருக்கும். அது டயரின் மேல் அழுத்திப் பிடித்து டயரைச் சுற்றும். 12 வோல்ட் பெட்டரியில் வேலை செய்யும். கையில் ஒரு ரிமோட். கார் இல்லாமலே வண்டியை முன்னுக்கு, பின்னுக்கு, பக்கத்துக்கு எடுக்கலாம். போகும் வேகம் ஒரு குழந்தை தவழும் வேகத்தைவிடக் குறைவு.

இந்த விஷயத்தில் இரண்டு வகை ஆட்களைக் கண்டோம். முதல் வகை மச்சானைப் போன்றவர்கள். "நாலு பேர் சேர்ந்தா தள்ளிடலாம், இதுக்கு ஏன் இவ்வளவு காசு?" விபத்துக்குப் பிறகும் அவர் இதைச் சொன்னார்! நாங்கள் வாதாடவில்லை. இரண்டு மீட்டர் பலகையும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனோம். இரண்டு மீட்டருக்கு 24 சென்ரிமீட்டர் உயரம். அதாவது 12 சதவீதச் சரிவு. வண்டியின் முழு எடை 1,800 கிலோ. உராய்வை விட்டுவிட்டாலும், சரிவில் அது வழுகாமல் பிடித்து வைத்திருக்க மட்டும் ஏறத்தாழ 215 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். சமமான தார் வீதியில் அதே வண்டியை உருட்ட 20 முதல் 40 கிலோ பலம் போதும். ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது. வீதியில் இரண்டு பேர் இலேசாகத் தள்ளிவிடுவார்கள், அந்தத் தைரியத்தில் சரிவில் ஏற்றத் தொடங்குவார்கள். தரம் 10 பிள்ளைக்குக் கொடுக்கும் சாய்தளக் கணக்குத்தான். அதைச் செய்து காட்டியபோது மச்சான் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாம் வகை, பெரிய எண்ணைப் பார்த்து வாங்குபவர்கள். பெட்டியில் '2,000 கிலோ வரை' என்று போட்டிருந்தால் 'எங்கட வண்டி 1,800 தானே, போதும்' என்று காசைக் கொடுத்துவிடுவார்கள். அந்த 2,000 கிலோ எந்தச் சரிவில்? சமதரையிலா, 10 சதவீதத்திலா, 15 சதவீதத்திலா? ஒற்றை அச்சு வண்டிக்கா, இரட்டை அச்சு வண்டிக்கா? எத்தனை மோட்டாரோடு? இவை இல்லாத எண்ணை வைத்து ஒன்றும் தீர்மானிக்க ஏலாது.

இரட்டை அச்சு வண்டியில் ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. பக்கத்துக்கு இரண்டு சக்கரம், மொத்தம் நாலு. நேராகப் போகும்போது தொல்லையில்லை. நின்ற இடத்தில் திருப்பும்போது முன் சோடிச் சக்கரங்கள் ஒரு பக்கமும், பின் சோடி மறுபக்கமும் தரையில் உரசி இழுபட வேண்டும். ஒற்றை அச்சு வண்டி தன் இரண்டு சக்கரத்தில் தட்டுப்போல் சுழன்றுவிடும். இரட்டை அச்சு அப்படிச் சுழலாது. இரண்டு மோட்டார் மட்டும் பூட்டினால் நாலு சக்கரத்தில் இரண்டுக்குத்தான் பலம் கிடைக்கும். மற்ற இரண்டும் தடையாக நிற்கும். பெரிய வளைவில் மெல்லத் திருப்பலாம். ஒடுங்கிய இடத்தில் சட்டென்று திருப்ப முடியாது. ஈரத்திலும் சரளைக் கல்லிலும் உருளையோ டயரோ வழுக்கும். நாலு மோட்டார் பூட்டினால் நாலு சக்கரமும் இழுக்கும், பலமும் பிடிப்பும் இரட்டிப்பாகும். விலையும் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

விற்பனைக் கடையின் முற்றத்தில் இரண்டு மோட்டார் வண்டியை எங்களுக்கு ஓட்டிக் காட்டினார்கள். சமமான, காய்ந்த தார்த் தரை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. "வீதியிலிருந்து 90 பாகை திருப்பி ஒரு வாசலுக்குள் விட வேண்டும், அப்படித் திருப்பிக் காட்டுங்கள்" என்று கேட்டோம். டயர் கிறீச்சிட்டது, வண்டி பாதியில் நின்றது. அந்த இளைஞர் நேர்மையானவர். "உங்கள் இடத்துக்கு இது சரிவராது" என்று அவரே சொல்லிவிட்டார்.

அடுத்தது படி. வீதிக்கும் முற்றத்துக்கும் நடுவே 3 சென்ரிமீட்டர் உயர விளிம்பு ஒன்று இருக்கிறது. யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 32 சென்ரிமீட்டர் ஆரையுள்ள கெட்டியான சக்கரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஓர் அச்சின் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் அந்த விளிம்பில் ஏற 400 கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். காற்றடித்த டயர் அமுங்கிக் கொடுப்பதால் உண்மையில் அவ்வளவு வராது. என்றாலும் முழுச் சரிவையும்விட அந்தச் சின்ன விளிம்புதான் மோட்டாரை அதிகம் வருத்தும். மருந்து இலகுவானது. 30 சென்ரிமீட்டர் நீளத்தில் சாய்வாகச் சீவிய மரக்கட்டை வைத்தால் அதே உயரம் 10 சதவீதச் சரிவாகிவிடும்.

பிறகு எடை. இதுதான் எங்களை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. அந்த வண்டி சட்டப்படி சுமக்கக்கூடிய மொத்த எடை 1,800 கிலோ, வெறும் வண்டி 1,640. மிச்சம் 160 கிலோவில்தான் ஐந்து பேருடைய உடுப்பு, காஸ் சிலிண்டர், சட்டி பானை, வெளிக்கூடாரம் எல்லாம். இரண்டு மோட்டார் மூவர் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ. நாலு மோட்டார் 60 முதல் 70. பெட்டரி இன்னொரு 25 கிலோ. மூவரும் அந்த 160க்குள்தான் அடங்க வேண்டும். மேலே போனால் குற்றம், வீதியில் ஆபத்தும் கூட. வாங்கும்போது கடைக்காரர் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. நாங்கள் வண்டியின் உற்பத்தியாளருக்கு எழுதிக் கேட்கச் சொன்னோம். அச்சு தாங்கும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு கூடிய எடைக்குப் புதிய தகடு கொடுப்பதுண்டு. இவர்களுக்கு 1,900 வரை கிடைத்தது. இழுக்கும் காருக்கும் அந்த எடை இடம் கொடுத்தது. வெளிக்கூடாரம் காருக்குள் போனது.

பெட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிச்சத்துக்குப் போதுமான பழைய பெட்டரி மூவருக்குப் போதாது. சரிவில் மோட்டார்கள் ஒரேயடியாக நிறைய மின்னை உறிஞ்சும். கிழட்டுப் பெட்டரியின் வோல்டேஜ் இறங்கி, வண்டி பாதி ஏற்றத்தில் நின்றுவிடும். லிதியம் பெட்டரி எடையில் பாதிதான். ஆனால் அதன் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று அவ்வளவு மின்னோட்டத்தை விடுமா என்று முதலில் பார்க்க வேண்டும். விடாவிட்டால் அதுவும் பாதியில் நிற்கும்.

இப்படி எல்லாம் அளந்து, எழுதி, கடதாசியை மேசையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது ராத்தா குசினியிலிருந்து வந்து கேட்டார். "தம்பி, எனக்கு இந்த மெஷின் கணக்கெல்லாம் விளங்காது. அவர் இரவு வேலைக்குப் போனா நான் தனிய. மழை பெய்யுற நேரம், நான் ஒத்தையா நின்டு இதை உள்ளுக்கு எடுக்க ஏலுமா? அதை மட்டும் சொல்லு."

எங்கள் கருத்து அந்தக் கேள்விதான். மூவரை வண்டியின் எடைக்கு வாங்காதீர்கள். உங்கள் பாதையில் மிக மோசமான ஒரு மீட்டருக்கும், உங்கள் வீட்டில் அதைக் கையாளப் போகும் ஆட்களில் பலம் குறைந்தவருக்கும் வாங்குங்கள். சமமான முற்றம், நேரான வாசல், காரோடு கொளுவ முன்னுக்குப் பின்னுக்கு எடுப்பது மட்டும்தான் வேலை என்றால் இரட்டை அச்சு வண்டிக்கும் இரண்டு மோட்டார் போதும். காசும் எடையும் மிச்சம். சரிவு, ஒடுங்கிய திருப்பம், சரளைக் கல் இவற்றில் ஒன்று இருந்தாலே நாலு மோட்டாரைப் பற்றி யோசியுங்கள். இரண்டு இருந்தால் யோசிக்கவும் தேவையில்லை. அதற்குக் காசு இல்லையென்றால் பாதுகாப்பான கேரவன் தரிப்பிடம் ஒன்றில் மாத வாடகைக்கு விடுங்கள். குறைந்த மூவரை வாங்கிவிட்டு, அது இழுக்காத இடத்தில் பிள்ளைகளைத் தள்ள வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தெரிவு. அப்போது மெஷினும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

அவர்கள் நாலு மோட்டார் பூட்டினார்கள். மச்சான் தன் பழைய மோட்டார் சைக்கிளை விற்றார். அவர் முகம் கொஞ்ச நாள் வாடித்தான் இருந்தது.

வாங்கியவர்கள் தயவுசெய்து இவற்றை மறக்க வேண்டாம். வண்டி நகரும்போது வண்டிக்கும் மதிலுக்கும் நடுவிலோ, சரிவின் கீழ்ப்பக்கத்திலோ யாரும் நிற்கக் கூடாது, ரிமோட் வைத்திருப்பவரும்தான். உருளையை டயரில் பிடிக்க வைத்த பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். நிறுத்தியதும் முதலில் பிரேக், பிறகு சக்கரத்துக்குக் கட்டை, கடைசியில்தான் உருளையை விலக்குவது. காரில் கொளுவிப் புறப்படுமுன் உருளை முழுதாக விலகியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மறந்து ஓட்டினால் டயரும் மோட்டாரும் சேர்ந்து நாசமாகும். சட்டத்தில் துளை போட்டுப் பூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முதல் நாள் மூவர் பூட்டிய வண்டி வந்தது. அன்று தூறல். மச்சான் வேலைக்குப் போயிருந்தார். ராத்தா குடையை மகனிடம் கொடுத்துவிட்டு ரிமோட்டை எடுத்தார். மகனை மேல்ப்பக்கம், கதவடியில் நிற்கச் சொன்னார். ஒரு திருப்பத்துக்கு மூன்று தடவை முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்தார். இருபது நிமிடம் போனது. வண்டி உள்ளே வந்து நின்றதும் சின்னவள் ஓடிப்போய்த் தன் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

அங்கே இருப்பவர்கள் வாங்க முதல் உங்கள் முற்றத்தின் சரிவை அளந்து இங்கே எழுதுங்கள். கணக்கை நாங்கள் செய்து தருகிறோம்.