ஆற்றுவாழை அள்ளுவது சிரமதானம் அல்ல, வேலை



சொறிக்கல்முனை எங்கே இருக்கிறது என்று மலையகத்துத் தோழர்கள் கேட்பீர்கள். கல்முனைக்கு மேற்கே, நாவிதன்வெளிப் பிரதேசத்தில், வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் உள்ள ஊர். கரும்புக்கும் தென்னந்தோட்டத்துக்கும் வயலுக்கும் கூலிக்குப் போகிற குடும்பங்கள் நாங்கள். சந்தையும் ஆசுபத்திரியும் கல்முனையில். அங்கே போகிற நேர்வழி கிட்டங்கித் தாம்போதி.

மாரி வெள்ளம் தாம்போதிக்கு மேலால் பாயத் தொடங்கினால் ஆற்றுவாழை கூட்டங்கூட்டமாக வந்து ஏறும். வெள்ளம் வடிந்தாலும் வாழை வடியாது. பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, கால் எங்கே படுகிறது என்று தெரியாமல், அதற்குள்ளால்தான் நடக்க வேண்டும். பாம்பும் முதலையும் உள்ள தண்ணீர். கடக்காமல் நின்றால் அன்றைய கூலி இல்லை. சம்மாந்துறைப் பக்கமாகச் சுற்றிப் போகலாம்தானே என்கிறார்கள். அந்தச் சுற்றுவழியில் உள்ள மாவடிப்பள்ளியில்தான் 2024 நவம்பர் வெள்ளம் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை அடித்துக்கொண்டு போனது. ஏழைக்குச் சுற்றுவழியும் ஆற்றுவழிதான்.

இந்த வாழை இயற்கையின் சோதனை என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். இது நம் நாட்டுச் செடியே அல்ல. தென் அமெரிக்காவின் அமேசன் பக்கத்துச் செடி. பூ அழகாக இருக்கிறது என்று பெரிய வீட்டுத் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டது. யுத்தக் காலத்தில் ஜப்பான் விமானங்களை ஏமாற்ற வெள்ளைக்காரன் குளங்களில் விட்டான் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கதை நல்ல கதைதான். ஆனால் ஆற்றுவாழையை ஒழிப்பதற்கென்றே 1909இல் இந்த நாட்டில் சட்டம் போட்டாயிற்று. அப்போது அந்த யுத்தம் எங்கே, விமானம் எங்கே? பின்னர் 1999இல் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சட்டத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது, வாழை இன்னும் இளமையாக இருக்கிறது!

அது வளர்வதற்குக் காரணம் நம் கண்முன்னே ஓடுகிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வயல்களில் போடுகிற பசளையில் ஒரு பங்கு வடிகாலோடு பள்ளத்துக்கு வருகிறது. சூடும் பசளையும் தேங்கின தண்ணீரும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் இரு மடங்காகும் செடி இது. விதை சேற்றுக்குள் 15 வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். இதை ஒருநாள் அள்ளிவிட்டு முடித்தோம் என்று சொல்ல முடியாது. வருடா வருடம், வெள்ளம் வருமுன், கரையோரத்தில் சிறிதாக இருக்கும்போதே அள்ள வேண்டிய பொருள்.

நடப்பது என்ன? ஆறு ஒரு கந்தோருக்கு, வீதி இன்னொன்றுக்கு, குப்பை மற்றொன்றுக்கு. வாழை யாருக்கும் இல்லை. தாம்போதி அடைபட்ட பிறகு பெக்கோ வரும், அள்ளிக் கரையிலேயே குவிக்கும், அடுத்த மழைக்கு அது திரும்ப ஆற்றில் இறங்கும். பெக்கோ வராத வருடம் சிரமதானம் என்ற அழைப்பு வரும். சிரமதானத்துக்கு நாங்கள் விரோதிகள் அல்ல. கோயில், பள்ளிவாசல், பாடசாலை வளவு என்றால் கூப்பிடாமலே வருவோம். ஆனால் வருடந்தோறும், இடுப்பளவு தண்ணீரில், கையுறையும் சப்பாத்தும் இல்லாமல் செய்கிற காரியத்துக்குப் பெயர் தானம் அல்ல, வேலை. பெக்கோவுக்கு மணிக்கணக்கில் பணம் உண்டு, படம் எடுக்க வருகிறவருக்குச் சம்பளம் உண்டு, தண்ணீருக்குள் நிற்கிற எங்களுக்கு மட்டும் புண்ணியமா?

மலையகத் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புல்லு வெட்ட ஆள் போடாமல் மலையைக் காடாக்கி வைத்துவிட்டு, கிலோ குறைந்தது என்று அரைப்பேர் போடுகிற கணக்கு உங்களுக்குத் தெரியும். காட்டுக்குள் குளவி கூடு கட்டினால் கொட்டு வாங்குகிறவர் துரை அல்ல. அங்கே புல்லு, இங்கே வாழை. களை எடுக்கிற செலவை மிச்சம் பிடிக்கிறவர் ஒருவர், அந்த மிச்சத்தை உடம்பால் கட்டுகிறவர் வேறொருவர்.

களைநாசினி அடித்தால் தீர்ந்தது என்று ஒரு யோசனை அடிக்கடி வருகிறது. கிளைபோசேட்டை 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் விட்ட நாடு இது. அதன் சண்டை வேறு. தண்ணீரில் அடித்தால், செத்த வாழை அங்கேயே அழுகி, காற்றில்லாமல் மீன் சாகும். தோணிக்காரனின் பிழைப்பும் அதோடு போகும். சல்வீனியாவுக்கு 1986இல் ஒரு சிறுவண்டை விட்டுப் பல இடங்களில் அடக்கினார்கள். ஆற்றுவாழைக்கும் வண்டு உண்டு. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் புரட்டிப் போடுகிற ஆற்றில் வண்டை மட்டும் நம்பி இருக்க முடியாது.

வீட்டு வளவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஊதாப் பூ, மேலிதழில் மஞ்சள் பொட்டு, காற்றடைத்த பந்துபோல வீங்கின தண்டு, தண்ணீருக்குள் இறகுபோலக் கருவேர். இவை இருந்தால் அது அல்லியும் அல்ல, தாமரையும் அல்ல. தொட்டியில் அழகுக்கு வளர்க்காதீர்கள், வாய்க்காலில் எறியாதீர்கள். வேரோடு எடுத்து, வெள்ளம் ஏறாத மேட்டில் காயவிட்டு, தென்னைக்கும் வாழைமரத்துக்கும் அடியில் மூடாக்காகப் போடலாம். பெரும்பகுதி தண்ணீர்தான், ஒரு வண்டில் அள்ளினால் ஒரு கூடைதான் மிஞ்சும். சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்ததை மரக்கறிப் பாத்திக்குப் போட வேண்டாம், அது அழுக்கை உறிஞ்சி வைத்திருக்கும்.

எங்கள் கேட்பு இது: புரட்டாதி முடியுமுன் கிட்டங்கியில் ஆற்றுவாழை அள்ளப்பட வேண்டும். அதற்கு ஊரவரை நாட்கூலிக்கு எடுக்க வேண்டும். கையுறையும் நீண்ட சப்பாத்தும் கொடுத்த பிறகே தண்ணீரில் இறக்க வேண்டும். அள்ளியதை மேட்டுக்கு ஏற்றும் உழவு இயந்திரக் கூலியும் அதே கணக்கில் சேர வேண்டும். இதற்குப் பொறுப்பான கந்தோர் எது என்பதை எழுத்தில் தரவேண்டும். அந்தக் கடிதம் வந்தால் இந்த ஏட்டிலேயே அச்சிடுவோம். வராவிட்டால், எத்தனை நாள் வரவில்லை என்பதை மாதந்தோறும் அச்சிடுவோம்.