பூட்டிய பேழையில் இசை பிறக்காது

கருவி என்பது கைக்காகப் பிறந்தது. ஏர் உழுவதற்கு, எழுதுகோல் எழுதுவதற்கு, இசைக்கருவி இசைப்பதற்கு. இந்த எளிய உண்மையை மறுப்பார் எவருமிலர். ஆயினும், அதற்கு மாறாக நடப்போர் இன்று உலகெங்கும் பெருகியுள்ளனர். 1970களிலும் 1980களிலும் செய்யப்பட்ட சிறிய சிந்தசைசர்களைத் தேடித் தேடி வாங்கி, கண்ணாடிப் பேழையில் அடுக்கி, தூசி படாமல் துடைத்து, விரலும் படாமல் காத்து, அதனையே இசைத்தொண்டு என்று எண்ணி மகிழ்வோர் அவர்கள். அவர்தம் ஆர்வம் போற்றத்தக்கது. அவர்தம் வழி போற்றத்தக்கதன்று.

சிந்தசைசர் என்பது மின்னோட்டத்தால் ஒலியைப் படைக்கும் கருவி. அதிரும் நரம்பும் இல்லை. ஊதும் துளையும் இல்லை. மின்சுற்று ஒன்று அலையை எழுப்புகிறது. மற்றொன்று அவ்வலையின் சில கூறுகளை வடிகட்டுகிறது. இன்னொன்று ஒலி எழுந்து தணியும் போக்கை வகுக்கிறது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்கரான இராபர்ட் மூக் உருவாக்கிய கருவி பெரிய பெட்டிகளின் தொகுதியாக இருந்தது. பல்கலைக்கழகங்களும் ஒலிப்பதிவு நிலையங்களும் செல்வம் படைத்த கலைஞர்களுமே அத்தகையவற்றை வாங்க முடிந்தது. 1970இல் வந்த 'மினிமூக்' அதனை ஒருவர் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருக்கியது. 1971இல் இலண்டனிலிருந்து வந்த 'சின்தி ஏ' ஒரு கைப்பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட்டது. கருவி சுருங்கச் சுருங்க, அதனைத் தொடக்கூடிய கைகள் பெருகின. கையடக்கக் கருவிகளின் வரலாற்றில் முதன்மையான செய்தி இதுவே.

அடுத்த பத்தாண்டுகளில் ஜப்பானியர் அக்கதவை அகலத் திறந்தனர். 1981இல் காசியோ நிறுவனம் வெளியிட்ட விஎல்-1 கணக்குப்பொறியும் இசைக்கருவியும் ஒன்றாய் இணைந்த சிறு பொருள். 29 கட்டைகள், அவையும் பொத்தான்களே. ஆனால், எட்டு எண்களைத் தட்டிப் புதியதோர் ஒலியை அதில் அமைக்கலாம். 1982இல் ரோலண்டு நிறுவனத்தின் எஸ்எச்-101 வந்தது. மின்கலத்தில் இயங்கும் அதனைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் நடக்கலாம். 1984இல் காசியோவின் சிஇசட்-101, 500 டாலருக்கும் குறைந்த விலையில் இளைஞர் கைக்கு எட்டியது. இவை யாருக்காகச் செய்யப்பட்டன? அருங்காட்சியகத்துக்காகவா? பெரிய கருவியை வாங்க இயலாதவருக்காகவே செய்யப்பட்டன.

"இவை விளையாட்டுப் பொருள்கள், இவற்றிலிருந்து என்ன இசை பிறக்கும்?" என்று எள்ளி நகையாடுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவர்களுக்கு ஜமைக்கா விடை சொல்லும். காசியோவின் எம்டி-40 என்னும் சிறு கருவியில், பொத்தானை அழுத்தினால் தானே ஒலிக்கும் தாள அமைப்புகள் சில இருந்தன. அவற்றை அமைத்தவர், இசைக் கல்லூரியில் பயின்று அப்போதுதான் அந்நிறுவனத்தில் சேர்ந்திருந்த ஹிரோகோ ஒகுடா என்னும் இளம்பெண். அவற்றுள் ஒன்றை அடித்தளமாகக் கொண்டு 1985இல் வெய்ன் சுமித் பாடிய 'அண்டர் மி ஸ்லெங் டெங்' என்னும் பாடல் ஜமைக்கா இசையின் போக்கையே மாற்றியது. ஒரு நாட்டின் இசையைத் திருப்பிவிட்ட கருவியை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவது அறிவுடைமையா?

சிகாகோ நகரம் தரும் சான்று இன்னும் கூர்மையானது. 1981இல் ரோலண்டு வெளியிட்ட டிபி-303, பாஸ் கிட்டாருக்கு மாற்றாக விளங்க வேண்டும் என்று செய்யப்பட்டது. அந்த நோக்கத்தில் அது தோற்றது. 1984இல் உற்பத்தி நின்றது. பழைய பொருள் விற்கும் கடைகளில் அது மலிவாகக் கிடைத்தது. அப்படி மலிவாகக் கிடைத்ததனால்தான் சிகாகோ இளைஞர் சிலர் அதனை வாங்கினர். குமிழ்களை மனம்போனபடி திருகினர். செய்தவர் கனவிலும் நினையாத ஒலி எழுந்தது. 'ஃபியூச்சர்' குழுவினரின் 1987ஆம் ஆண்டு இசைத்தட்டினால் 'ஆசிட் ஹவுஸ்' என்னும் புதிய இசைவகை பரவியது. அதன்பின் நிகழ்ந்தது யாது? புகழ் வந்தது, விலை ஏறியது, வறிய இளைஞன் கைக்கு எட்டிய கருவி, அவன் கண்ணுக்கும் எட்டாத பேழைக்குள் சென்று சேர்ந்தது. அன்றே அவற்றையெல்லாம் ஒருவர் வாங்கிப் பூட்டியிருந்தால், இன்று அவற்றைத் தேடுவதற்குக் காரணமான அந்த இசையே பிறந்திராது. தொகுப்போர் எந்தப் புகழுக்காகக் கருவியை வாங்குகின்றனரோ, அந்தப் புகழின் வேரையே பூட்டுப் போட்டு அறுக்கின்றனர்.

"இசைத்தால் தேய்ந்துவிடும், அதனால் பூட்டுகிறோம்" என்பது அவர்கள் கூறும் முதற்காரணம். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால், மின்னியல் அறிந்தோர் கூறுவது வேறு. உள்ளே விட்டு மறக்கப்பட்ட மின்கலம் கசிந்து உலோகத் தகடுகளை அரித்துவிடும். மின்னோட்டம் காணாது நெடுங்காலம் கிடக்கும் மின்தேக்கிகள் தம் இயல்பை இழக்கும். திருகப்படாத குமிழின் அடியிலும், அழுத்தப்படாத கட்டையின் அடியிலும் களிம்பு படியும். கட்டைகள் தேய்வதும் உண்மையே. ஆனால், தேய்ந்ததை மாற்றலாம். அரிப்போ ஒருவரும் அறியாமல் நிகழ்வது. மேலே பளபளக்கும் கருவி உள்ளே பிணமாகிக் கிடக்கும். பேழைக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது, உரியவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் அதனை ஒருமுறையேனும் இசைத்திருக்க வேண்டுமன்றோ?

"கணினியே இவ்வொலிகளையெல்லாம் தரும்போது பழங்கருவியை ஏன் இசைக்க வேண்டும்?" என்பது அடுத்த வினா. கணினி அவ்வொலிகளைத் திறம்படத் தருகிறது, ஐயமில்லை. ஒலி மட்டுமே வேண்டுவோர்க்கு அது போதும். ஆனால், கற்போர்க்குக் குறுகிய எல்லையும் ஓர் ஆசானே. ஆயிரம் ஒலிகள் திரையில் காத்திருக்கும்போது மாணவன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான். ஓர் அலையியற்றியும் ஒரு வடிகட்டியும் மட்டுமே உள்ள எஸ்எச்-101இன் முன் அமரும்போது, ஒன்றைப் படைக்கிறான். சதுர அலைக்கும் இரம்பப்பல் அலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூலின் படத்தில் பார்ப்பது ஒன்று. தன் விரலால் நெம்பியை நகர்த்திச் செவியால் உணர்வது மற்றொன்று. பின்னது மறவாது. இவ்வேறுபாட்டை ஆசிரியருக்கு விளக்க வேண்டுவதில்லை.

தொகுப்போர் அனைவரும் குற்றவாளிகள் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. குப்பைக்குப் போகவிருந்த கருவிகளை மீட்டவர்களும், பழுது நீக்கக் கற்றவர்களும், பயன்படுத்தும் முறைகூறும் நூல்களைப் பாதுகாத்தவர்களும் அவர்களுள் பலர். அவர்கள் இல்லையேல் இன்று பேசுவதற்குப் பொருளே இராது. ஜப்பானில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கு நினைத்தல் தகும். மின்பொருள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உரிய முத்திரை இல்லாத பழைய மின்பொருள்களைக் கடைகள் விற்கக்கூடாது என்னும் நிலை 2006இல் உருவானது. பழைய சிந்தசைசர்கள் கைமாறும் வழி அடைபடவிருந்தது. இரியூச்சி சகமோட்டோ முதலிய இசைக்கலைஞர் எதிர்க்குரல் எழுப்பினர், கையொப்பங்கள் திரண்டன, அரசும் பழைய இசைக்கருவிகளுக்கு விலக்களித்தது. அன்று முன்னின்று போராடியவர் யாவர்? இசைப்போர். கைமாறாத கருவி கலைக்குப் பயன்படாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இசைப்பாரற்ற கருவிக்கு என்ன நேரும் என்பதைத் தமிழர் தம் வரலாற்றிலேயே கண்டவர். பேரியாழும் செங்கோட்டியாழும் இலக்கியத்தில் வாழ்கின்றன, கையில் இல்லை. மறைந்துபோன யாழின் இயல்பை ஆராய்ந்து அறிய விபுலானந்த அடிகள் அரும்பாடுபட வேண்டியிருந்தது. 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' அவ்வுழைப்பின் கனி. பெயர் நின்றது, வருணனை நின்றது, இசைக்கும் கை மட்டும் தொடரவில்லை. கை அறுந்தபின் நூல்கள் எத்தனை இருந்தும் நரம்பு பேசுவதில்லை. இன்று நூற்றுக்கணக்கில் எஞ்சியிருக்கும் கருவிகளை வைத்துக்கொண்டே அந்த இழப்பை மீண்டும் வரவழைப்பது பேதைமை.

ஆகவே, தொகுப்போர் செய்ய வேண்டுவது அரிய செயலன்று. பேழையைத் திறக்கட்டும். திங்கள் ஒருமுறையேனும் கருவிக்கு மின்னூட்டி இசைக்கட்டும். மின்கலத்தைக் கழற்றி வைக்கட்டும். பழுது நீக்கும் திறத்தை இளையவர் இருவருக்கேனும் கற்பிக்கட்டும். தம்மிடம் இரண்டு இருந்தால், ஒன்றைக் கற்கும் பிள்ளையிடம் இரவலாகக் கொடுக்கட்டும். அவ்வாறு கொடுக்கப்பட்ட கருவியில் கீறல் விழலாம். ஒரு கட்டை உடையலாம். விழட்டும்; உடையட்டும். அக்கீறல் அது வாழ்ந்ததற்கு அடையாளம்.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பள்ளிப் பண்டக அறையின் மூலையில் பழைய மின்னிசைப் பலகை ஒன்று கிடக்குமாயின், அதனைக் கழிவுப் பட்டியலில் சேர்ப்பதற்குமுன் மின்கலப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும். துடைத்து, புதிய மின்கலம் இட்டு, ஒரு மாணவனை அழைத்து அதன்முன் அமர்த்துதல் வேண்டும். அவன் முதலில் எழுப்புவது இரைச்சலாகவே இருக்கும். இருக்கட்டும். சிகாகோவிலும் முதலில் எழுந்தது அதுதான்.