இரண்டாவது மின்கலம்: முதலில் இடம், பிறகு பொருள்



தமிழாசிரியர் ஒருவர் மகிழுந்தின் மின்கலத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், நான்கு சக்கர இயக்க வாகனம் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பேசிக்கொள்வது இதைத்தான். "இரண்டாவது பேட்டரி போட்டாயிற்றா? எத்தனை ஆம்பியர்? என்ன விலை?" என்ற மூன்று கேள்விகள் தவறாமல் எழும். "எங்கே வைத்தீர்கள்? அதன் அருகில் யார் அமர்கிறார்கள்?" என்ற கேள்விகளை எழுப்புவோர் அரிது. இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த இடத்துக்கு ஏற்ற மின்கலத்தைப் பிறகு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. வாகனத்தின் பின்னிருக்கைகளில் அமர்வோர் பெரும்பாலும் நம் பிள்ளைகள் என்பதால் இதனை எழுதத் துணிந்தேன்.

உட்லண்ட்சுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நான் வசிப்பது உட்லண்ட்சில். 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உடையது. எனினும், விடுமுறைக் காலத்தில் அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்கப் பல மணி நேரம் ஆவதை நாம் அறிவோம். அதைக் கடந்துவிட்டால் மெர்சிங் கடற்கரை, எண்டாவ்-ரொம்பின் காடு, அதற்கும் வடக்கே தமான் நெகாரா என்று பெருவெளி விரிகிறது. கஹாங்கிலிருந்து கம்போங் பெட்டாவுக்குச் செல்லும் மண்பாதை போன்ற தடங்களுக்காகவே நம்மவர் சிலர் இத்தகைய வாகனங்களை வாங்குகிறார்கள். அங்கே முகாமிட்டுத் தங்கும் இரவில் குளிர்பெட்டிக்கும் விளக்குக்கும் மின்சாரம் தேவை. அதனை இயந்திரத்தைக் கிளப்பும் மின்கலத்திலிருந்தே எடுத்துவிட்டால், மறுநாள் காலையில் வண்டி கிளம்பாது. கைப்பேசித் தொடர்பும் இல்லாத இடத்தில் பிள்ளைகளுடன் அப்படிச் சிக்கிக்கொள்வது விளையாட்டல்ல.

இயந்திரத்தைக் கிளப்பும் மின்கலத்தின் உள்ளே மெல்லிய ஈயத் தகடுகள் பல உள்ளன. அவை சில நொடிகளுக்குப் பல நூறு ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டு, உடனே மீண்டும் நிரப்பப்பட வேண்டியவை. மணிக்கணக்கில் சிறிது சிறிதாக வற்றவிட்டால் அத்தகடுகள் விரைவில் கெட்டுவிடும். ஆழமாக வற்றுவதைத் தாங்க, தடித்த தகடுகள் கொண்ட ஈய-அமில மின்கலமோ லித்தியம் மின்கலமோ வேண்டும். இரண்டாவது மின்கலம் என்ற ஏற்பாடு பிறந்தது இதனால்தான்.

உண்மையில் தேவையா?

கடைக்குச் செல்லும் முன் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது லிட்டர் குளிர்பெட்டி ஒன்று நம் வெப்பத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர்-மணி மின்சாரம் எடுக்கும் என்று கொள்ளலாம். ஐந்து வாட் விளக்குகள் இரண்டு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 4 ஆம்பியர்-மணி. நான்கு கைப்பேசிகளை நிரப்ப 5 ஆம்பியர்-மணி. ஆக மொத்தம் ஏறத்தாழ 50.

ஈய-அமில மின்கலத்தின் ஆயுள் நீடிக்க வேண்டுமானால் அதன் கொள்ளளவில் பாதியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அப்படியானால் மேற்சொன்ன தேவைக்கு 100 ஆம்பியர்-மணி கொள்ளளவு வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் எண்பது விழுக்காடு வரை பயன்படுத்தலாம் என்பதால் 60 அல்லது 70 போதும்.

குளிர்பெட்டி இல்லை என்றால்? தேவை 9 ஆம்பியர்-மணி மட்டுமே! அதற்கு வாகனத்தைத் துளையிட்டு, கம்பி இழுத்து, இரண்டாவது மின்கலம் பொருத்துவது வீண். கையில் தூக்கிச் செல்லும் சிறிய மின்சேமிப்புப் பெட்டி போதும். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் முகாமுக்குச் செல்லும் குடும்பத்துக்கு அதுவே அறிவார்ந்த முடிவு. பக்கத்து வீட்டார் பொருத்திவிட்டார் என்பது நாமும் பொருத்தக் காரணமாகாது.

நம் ஊருக்கே உரிய சிக்கல்

இத்துறையின் அறிவுரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகின்றன. அங்கே நாளெல்லாம் வண்டி ஓட்டுவார்கள். வீட்டுக் கொட்டகையில் மின்செருகியும் இருக்கும். நம் நிலை வேறு. அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் நமக்கென்று மின்செருகி கிடையாது. வாரநாள்களில் உட்லண்ட்சிலிருந்து ஈசூனுக்கோ அங் மோ கியோவுக்கோ ஓட்டும் அரை மணி நேரத்தில் எந்த ஈய-அமில மின்கலமும் முழுமையாக நிரம்பாது. அதன் கடைசி இருபது விழுக்காடு நிரம்ப மட்டுமே பல மணி நேரம் ஆகும். நிறுத்துமிடத்தில் இயந்திரத்தை ஓடவிட்டு நிரப்பலாமே என்றால், நிற்கும் வாகனத்தின் இயந்திரத்தைக் காரணமின்றி ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம்.

அரைகுறையாக நிரம்பிய ஈய-அமில மின்கலத்தை வாரக்கணக்கில் அப்படியே விட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறையும். விடுமுறைக்கு மட்டுமே பயன்படுத்தும் குடும்பங்களில் இரண்டே ஆண்டுகளில் இரண்டாவது மின்கலம் "செத்துப்போவது" இதனால்தான். லித்தியம் வகை அரைகுறையாக நிரம்பி இருப்பதைப் பொருட்படுத்தாது, விரைவாகவும் நிரம்பும். 25 ஆம்பியர் அளவில் நிரப்பினால் 50 ஆம்பியர்-மணியை இரண்டு மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். அதாவது, கடற்பாலத்தைக் கடந்து மெர்சிங் போய்ச் சேர்வதற்குள்! எனவே, விலை கூடுதலாக இருப்பினும், அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டே நீண்ட காலத்தில் மலிவு என்பது என் துணிபு.

"லித்தியம் தீப்பற்றாதா?" என்று பெற்றோர்கள் கேட்பது நியாயமே. 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் தனிநபர் நடமாட்டச் சாதனத்தோடு தொடர்புடைய வீட்டுத் தீயில் ஒருவர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடவில்லை. லித்தியம் மின்கலங்களில் பல வகைகள் உண்டு. அவற்றுள் அயர்ன் பாஸ்பேட் வகை வெப்பத்தில் எளிதில் நிலைகுலையாத வேதியமைப்பு உடையது. ஆனாலும் தீயே பற்றாத மின்கலம் என்று ஒன்று இல்லை. உள்ளே மேலாண்மைச் சுற்று இருக்கிறதா, முறையான பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெயர் தெரியாத மலிவுப் பொருளை இணையத்தில் வாங்கிப் பிள்ளைகளின் காலடியில் வைக்காதீர்கள்.

எங்கே வைப்பது?

மூன்று இடங்கள் உண்டு: இயந்திர அறை, வாகனத்தின் அடிப்பகுதி, உட்புறம்.

இயந்திர அறையையே பல பட்டறைக்காரர்கள் பரிந்துரைப்பார்கள். கம்பி குறைவு, வேலை எளிது, ஈய-அமில மின்கலத்திலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு எளிதில் கலைந்துவிடும். வாகன உற்பத்தியாளரே இரண்டாவது தட்டு அமைத்துக் கொடுத்திருந்தால், அதில் ஈய-அமில வகையை வைப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், வெப்பத்தை எண்ணிப் பாருங்கள். கடற்பால நெரிசலில் நிற்கும் வண்டியின் இயந்திர அறை 60 டிகிரி செல்சியசைத் தாண்டுவது இயல்பு. பத்து டிகிரி கூடினால் ஈய-அமில மின்கலத்தின் ஆயுள் பாதியாகும் என்பது மின்கலத் துறையில் வழங்கும் பொது விதி. லித்தியம் மின்கலத்துக்கோ அவ்விடம் முற்றிலும் ஆகாது.

அடிப்பகுதியில் வைத்தால் உட்புற இடம் மிஞ்சும். ஆனால் டிசம்பர் விடுமுறை என்பது மலேசியக் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஓடையைக் கடக்கும்போது நீரும் சேறும் கல்லும் முதலில் தாக்குவது அவ்விடத்தைத்தான்.

எஞ்சியது உட்புறம். இங்கேதான் பெற்றோர்கள் விழிப்புடன் இருக்க வேண்டும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலம் ஏறத்தாழ 28 கிலோ எடை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் மோதி, முக்கால் மீட்டருக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் பதின்மூன்று, பதினான்கு மடங்கு விசையுடன் முன்னே பாயும். 28 கிலோ மின்கலம் அந்தக் கணத்தில் ஏறத்தாழ 400 கிலோ ஆகிவிடும்! நெகிழி வாரினால் கட்டி வைத்த பெட்டி அதைத் தடுக்குமா? 12 கிலோ லித்தியம் மின்கலமானாலும் 170 கிலோவுக்கு நிகராகும். ஆகவே, எவ்வகையானாலும் எஃகுத் தட்டும் திருகாணியும் கொண்டு வாகனத்தின் உடற்சட்டத்தோடு இறுகப் பிணைக்க வேண்டும். தரைவிரிப்பின் மேல் வைக்கக் கூடாது.

என் பரிந்துரை இதுதான். இரண்டு வரிசை இருக்கை வாகனமானால், பின்னிருக்கைக்குப் பின்னால், தரையோடு தரையாக, பின் அச்சுக்கு அருகில் வையுங்கள். பின்கதவை ஒட்டி வைக்காதீர்கள். பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதினால் முதலில் நசுங்குவது அப்பகுதி. ஏழு இருக்கை வாகனத்தில் மூன்றாம் வரிசையில் பிள்ளைகள் அமர்வார்களானால், அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறு இடம் மின்கலத்துக்கு உரியதன்று. முன்னிருக்கைக்கு அடியில் பொருந்தும் தட்டையான லித்தியம் மின்கலத்தைத் தேடுங்கள்; அது கிடைக்காவிட்டால் கைப்பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திறந்த அமிலம் கொண்ட சாதாரண மின்கலத்தை எக்காரணம் கொண்டும் உட்புறத்தில் வைக்காதீர்கள்.

கம்பியும் உருகியும்

மின்கலத்துக்கு ஆயிரம் வெள்ளி செலவழிப்பவர் கம்பியில் ஐம்பது வெள்ளி மிச்சம் பிடிப்பதைக் கண்டிருக்கிறேன். முன்னிருந்து பின்னுக்கு ஐந்து மீட்டர், திரும்ப ஐந்து மீட்டர் என்று பத்து மீட்டர் செப்புக் கம்பியில் 30 ஆம்பியர் ஓடுவதாகக் கொள்வோம். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 0.9 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 16 சதுர மில்லிமீட்டரானால் இழப்பு 0.3 வோல்ட் மட்டுமே. 14.2 வோல்ட்டில் நிரம்ப வேண்டிய மின்கலத்துக்கு 13.3 வோல்ட்தான் கிடைத்தால் அது என்றுமே நிரம்பாது.

இரு முனைகளிலும் மின்கலம் இருப்பதால், கம்பியின் தோல் உரசிக் கிழிந்தால் இரு பக்கமிருந்தும் மின்சாரம் பாயும். எனவே, இரண்டு மின்கலங்களுக்கும் மிக அருகில், ஒரு சாண் தொலைவுக்குள், தனித்தனி உருகி (ஃபியூஸ்) இருக்க வேண்டும். ஒன்று மட்டும் போதும் என்று சொல்லும் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இரு மின்கலங்களையும் இயந்திரம் நின்றவுடன் பிரித்துவைக்கவும் ஏற்பாடு வேண்டும். பழைய வண்டிகளுக்கு, மின்னழுத்தத்தை உணர்ந்து இணைத்துப் பிரிக்கும் ரிலே போதுமானது. புதிய வண்டிகளின் ஆல்டர்னேட்டர், எரிபொருளை மிச்சப்படுத்தத் தன் மின்னழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அவற்றுக்கும் லித்தியம் வகைக்கும் டிசி-டிசி மின்னேற்றி பொருத்துவதே முறை.

வாகன மாற்றங்களில் அனுமதி வேண்டாதவை, வேண்டுபவை, அறவே கூடாதவை என்று நிலப் போக்குவரத்து ஆணையம் பிரித்து வைத்துள்ளது. வேலையைத் தொடங்கும் முன் ஆணையத்திடமும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்பவற்றை நம் மாணவர்கள் அறிவியல் வகுப்பில் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். இரண்டு 12 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட். பக்க இணைப்பில் வோல்ட் 12 ஆகவே இருக்கும், கொள்ளளவு கூடும். சில பழைய டீசல் லேண்ட் குரூசர்கள் முதல் வகையிலேயே இயந்திரத்தைக் கிளப்பின. நாம் முகாமுக்குப் பொருத்துவது இரண்டாம் வகை. பக்க இணைப்பில் ஒன்று நலிந்தால் மற்றொன்றையும் வற்றச் செய்யும். அதனால்தான் நடுவே ரிலே. இதைத் தந்தையோ தாயோ வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தமிழிலேயே விளக்கினால், பிள்ளை இரண்டு பாடங்களை ஒருசேரக் கற்கும். மின்கலம், உருகி, மின்னழுத்தம் ஆகிய சொற்கள் ஏட்டிலிருந்து இறங்கி வீட்டுக்குள் புழங்கத் தொடங்கும்.

வரும் விடுமுறைக்குள் பட்டறைக்குச் செல்ல எண்ணியிருப்போர், அதற்கு முன் குடும்பத்தார் அனைவரையும் வண்டியில் அவரவர் இடத்தில் அமரச் செய்து பாருங்கள். எந்தப் பிள்ளையின் தலைக்கும் முதுகுக்கும் காலுக்கும் இடையூறில்லாமல் எஞ்சும் இடத்தை அளவெடுங்கள். அந்த அளவுத் தாளைக் கடைக்காரரிடம் நீட்டி, "இதற்குள் அடங்குவதைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.