வந்த நினைப்பெல்லாம் நம் விருப்பமல்ல



ஆண்டுத் தொடக்கத்தில் ஒருநாள், பள்ளி விட்ட பிறகு என் மாணவி ஒருத்தியின் தாயார் கைக்குழந்தையுடன் வந்தார்.

"டீச்சர், காய் நறுக்க கத்திய எடுத்தாலே, இந்தப் புள்ளய குத்திடுவேனோன்னு நெனப்பு வருது. கத்திய ஒளிச்சி வச்சிட்டேன். வெளிய சொன்னா தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க" என்று அழுதார். சமைக்கச் சோம்பல் என்று மாமியார் திட்டுகிறாராம்.

1911இல் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்ட அந்த ஊரின் பெயர், நம்மவர் வாயில் வசையாகவே ஆகிவிட்டது. அந்தப் பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை.

வேண்டாத நினைப்புகளுக்குப் பல வேடங்கள் உண்டு. மாரியம்மன் சந்நிதியில் கைகூப்பும்போதே தெய்வத்தைப் பழிக்கும் சொல் ஒருவர் மனத்தில் எழும். கோலசிலாங்கூர் பாலத்தைக் கடக்கையில், குதித்துவிடுவோமோ என்று மற்றொருவர் நெஞ்சு பதறும். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்புவார் ஒருவர். களைக்கொல்லி ஒட்டியிருக்குமோ என்று தோல் உரியக் கை கழுவுவார் இன்னொருவர். சொல்லக் கூசும் தகாத எண்ணங்களும் வரும்.

1978இல் ராச்மன் என்பவரும் இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வாவும், நோயில்லாத மக்களிடமே இதைக் கேட்டுப் பார்த்தார்கள். ஐந்தில் நால்வர், தங்களுக்கும் இத்தகைய எண்ணங்கள் வருவதுண்டு என்றனர். 2014இல் வெளியான ஆய்வில், 13 நாடுகளைச் சேர்ந்த 777 மாணவர்களில் 100க்கு 94 பேர் அதையே சொன்னார்கள்.

பின் சிலருக்கு மட்டும் ஏன் நோயாகிறது? மற்றவர்கள் "சீ, என்ன நினைப்பு!" என்று விட்டுவிடுகிறார்கள். சிலரோ, நினைத்ததே செய்ததற்குச் சமம் என்று நடுங்கி அதை விரட்டுகிறார்கள். விரட்ட விரட்ட அது வளரும். கத்தியை ஒளித்தால் அன்றைக்கு நிம்மதி. மறுநாள் பயம் இரட்டிப்பாகும். பிள்ளைமேல் பாசம் இருப்பதால்தான் அந்த நினைப்பு தாயை இப்படி வதைக்கிறது.

நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அது உங்களைப் பிடித்து வைத்தால், அரசாங்க கிளினிக் டாக்டரிடம் சொல்லுங்கள். பயப்படும் காரியத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் பயிற்சியும் மாத்திரையும் உண்டு. ஆனால் அந்த எண்ணம் சரியென்றே தோன்றினாலோ, காதில் குரல் கேட்டுக் கட்டளையிட்டாலோ, சாக வேண்டுமென்று இருந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனம் விட்டுப் பேச, சுகாதார அமைச்சின் 15555 எண்ணும் இருக்கிறது.

அந்தத் தாயாருடன் கிளினிக்கிற்கு நானும் போனேன். யாரும் அவரை எங்கும் அனுப்பிவிடவில்லை. போன வாரம், குழந்தையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு கீரை நறுக்கியதாகச் சொன்னார்.

மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை: மருமகள் கத்தியைத் தொட மறுத்தால், திட்டுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கேளுங்கள்.