பெயர் பொறித்த கல்லும் பெயரில்லாப் புதைகுழியும்

பள்ளி மாணாக்கரைப் பழைய போர்க்களங்களுக்கு அழைத்துச் சென்று காட்டுவது மேலை நாடுகளில் கல்வியின் ஓர் உறுப்பாகவே நடைபெற்று வருகின்றது. முதல் உலகப் போரின் நூற்றாண்டு நினைவையொட்டி, 2014ஆம் ஆண்டு தொடங்கி, இங்கிலாந்தில் அரசுப் பொருளுதவியால் இயங்கும் உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலிருந்தும் மாணாக்கர் இருவரும் ஆசிரியர் ஒருவரும் பெல்சியத்தையும் பிரான்சையும் சார்ந்த போர்க்களங்களைக் கண்டுவர அந்நாட்டரசே வாய்ப்பளித்தது. சென்று வந்தோர் தத்தம் ஊரிலிருந்து போருக்குச் சென்று மீளாதவரைப் பற்றி ஆய்தலும், கண்டதைப் பிறர்க்கு எடுத்துரைத்தலும் அத் திட்டத்தின் நோக்கங்களாம்.

இதனைக் குறைகூறுவாரும் உளர். பிணம் புதைத்த இடத்தில் பிள்ளைகட்கு என்ன வேலை என்பார் சிலர். ஆட்சியாளர் தம் பழம்பெருமையைப் பிஞ்சு நெஞ்சில் விதைக்கும் சூழ்ச்சியே இஃது என்பார் வேறு சிலர். இக் கூற்றுகள் முற்றும் தள்ளத்தக்கனவும் அல்ல. முற்றும் கொள்ளத்தக்கனவும் அல்ல. இத்தகைய செலவு நன்றோ தீதோ என்பது, மாணாக்கன் ஆங்கு எதனைக் காண்கின்றான், எதனைக் காணாமலே திரும்புகின்றான் என்பதைப் பொறுத்ததே.

நூலில் படிக்கும் மாணாக்கனுக்குப் போர் என்பது ஓர் எண். 1916 சூலை முதல் நாள், சோம் ஆற்றுப் போர்க்களத்தில், ஒரே நாளில் மாண்ட பிரித்தானியப் படைஞர் 19,000 பேருக்கு மேல் என்று அவன் நெட்டுருச் செய்கின்றான், தேர்வில் எழுதுகின்றான், மறுநாள் மறக்கின்றான். அவனே ஆங்குள்ள தியப்வல் நினைவு வளைவின்கீழ் நின்று, கல்லறை இன்னதென அறியப்படாத 72,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் தூண்தோறும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பானாயின், எண் பெயராகின்றது. பெயர் ஓர் ஆளாகின்றது. பெல்சியத்து ஈப்பர் நகரின் மெனின் வாயிலிலும் அவ்வாறே 54,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள. 1928 முதல் நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு அவ் வாயிலில் நினைவுக் கொம்பு ஊதப்படுகின்றது. இரண்டாம் உலகப் போரில் செருமானியர் அந் நகரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில்தான் ஆங்கு அது நின்றது. 1944இல் நகர் விடுபட்ட அன்று மாலையே மீண்டும் ஒலித்தது. நன்றி மறவாமை என்பதனை இதனினும் தெளிவாக எந்தப் பாடநூல் கற்பிக்கும்?

இனி, தன் நாட்டுக் கல்லறையை மட்டும் கண்டு திரும்பும் மாணாக்கன் பாதிப் பாடமே கற்றவனாவான். ஈப்பருக்கு அருகிலேயே இலாங்கமார்க்கில் செருமானியர் இடுகாடு உள்ளது. 44,000க்கு மேற்பட்டோர் துயிலும் அவ்விடத்தில், ஒரே பெருங்குழியில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் அடங்கியுள்ளனர். பகைவன் என்று கற்பிக்கப்பட்டவனுக்கும் தாய் இருந்தாள் என்பது அக் குழியின் கரையில் நிற்பவனுக்கே புலனாகும். பிரான்சில் வெர்தன் போர்க்களத்துத் துவோமோன் எலும்பகத்தில், அடையாளம் தெரியாத ஏறத்தாழ 1,30,000 பிரஞ்சு, செருமானியப் படைஞரின் எலும்புகள் ஒன்றாகவே கிடக்கின்றன. எந்த எலும்பு எந்நாட்டது என்று யார் பிரித்துரைப்பார்? அவ்வெலும்பகத்தின் முன்னேதான் 1984இல் பிரஞ்சுத் தலைவர் மித்தரானும் செருமானியத் தலைவர் கோலும் கைகோத்து நின்றனர். 2006இல் இரு நாட்டு உயர்நிலை மாணாக்கரும் பயில ஒரே வரலாற்றுப் பாடநூல் வெளிவரத் தொடங்கியது. போர்க்களச் செலவு பகையை வளர்க்கும் என்பார்க்கு இதுவே விடை. வளர்ப்பதும் தணிப்பதும் அழைத்துச் செல்வோன் கையில் உள்ளன.

இவற்றினும் அரிய பாடம் ஒன்றுண்டு. அது கல்லில் இல்லாத பெயர்களைத் தேடுதல்.

வீழ்ந்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறித்தல் தமிழ் மாணாக்கர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியம் கல்நடுதலின் படிநிலைகளை இலக்கணமாகவே வகுத்துரைக்கின்றது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் வேந்தனின் ஆட்சியாண்டைக் கூறி, ஆநிரை காத்துப் பட்ட எளிய மறவனின் பெயரையும் அதே கல்லில் கூறுகின்றன. இந் நேர்மையை அளவுகோலாகக் கொண்டு மேலையர் கல்லறைகளையும் அளந்து பார்த்தல் வேண்டும். படைத்தலைவனாயினும் கடைநிலைப் படைஞனாயினும் ஒரே வடிவான கல் என்னும் உயர்ந்த நெறியை அவர்கள் வகுத்தனர். ஐரோப்பிய மண்ணில் பெரும்பாலும் கடைப்பிடித்தும் காட்டினர். பிரான்சின் நெவ் சப்பெல்லில் 4,700க்கு மேற்பட்ட இந்தியப் படைஞரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் ஈராக்கின் பசுரா நினைவகத்திலோ இந்தியப் படை அலுவலர்க்குப் பெயர். ஏனையோர்க்கு வெறும் எண்ணிக்கை! ஆப்பிரிக்காவிலும் மேலை ஆசியாவிலும் மாண்டவருள் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைக்கப்படவில்லை அல்லது நினைக்கப்படவே இல்லை என்றும், அத்தொகை 3,50,000 வரை இருத்தல் கூடும் என்றும் பொதுநல நாட்டுப் போர்க்கல்லறை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு பொறுத்தருள வேண்டியது. நூறாண்டு கழித்து வந்த வருத்தமாயினும் அது வரவேற்கத்தக்கதே.

இக் குறையைத் தமிழர் வேற்றார் செய்தியாக எண்ணி ஒதுங்குதல் இயலாது. இரண்டாம் உலகப் போரில் சப்பானியர் 1942-43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைத்தனர். அதில் உழைத்த 60,000க்கு மேற்பட்ட போர்க் கைதிகளுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 7,000 பேர் காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் வரிசை வரிசையாகத் துயில்கின்றனர். பாறை பிளந்த பெருங்கணவாயில் ஆத்திரேலிய அரசு 1998இல் அருங்காட்சியகம் அமைத்தது. ஆண்டுதோறும் ஏப்பிரல் 25ஆம் நாள் விடியலில் அந்நாட்டவர் ஆங்குக் கூடித் தம் முன்னோரை நினைக்கின்றனர். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் பட்டினியாலும் கழிச்சல் நோயாலும் மாண்டனர். எத்துணைப் பேர்? 90,000 வரை என மதிப்பிடுவர். கைதி இறந்தால் உடனிருந்த அலுவலர் மறைவாகவேனும் குறித்து வைத்தனர். தோட்டத் தொழிலாளி இறந்தால் குறித்து வைப்பார் இலர். எண்ணே மதிப்பீடாக நிற்கும்போது பெயரை எங்கே தேடுவது?

வீட்டில்தான் தேடவேண்டும். மலேசியத் தமிழ்ப் பள்ளிகளுக்குக் காஞ்சனபுரி எட்டாத் தொலைவன்று. செல்லுமுன் ஒவ்வொரு மாணாக்கனும் தன் குடும்பத்து முதியோரை அணுகி, சயாமுக்குச் சென்று மீளாதவர் யார், எத் தோட்டத்தவர், எவர் மகன் எனக் கேட்டெழுதுதல் வேண்டும். கண்ணால் கண்டவர் ஏறக்குறைய மறைந்துவிட்டனர், கேட்டறிந்தவரும் மூத்துவிட்டனர். ஆசிரியரும் ஒரே நாளில் ஆறிடம் காட்டி, ஒளிப்படம் எடுத்து, கடைத்தெருவில் விட்டுத் திரும்பும் பழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். ஓரிடம் போதும், அவ்விடத்தில் ஒரு நாழிகை அமைதியாக நிற்றல் போதும். தன்னவன் கல்லையும் பகைவன் கல்லையும் கல்லே இல்லாதவன் மண்ணையும் காட்டுக.

பெயர் தெரிந்தவரை மறவாமை நன்றி. பெயர் மறைக்கப்பட்டவரைத் தேடிச் செல்வதே கல்வி.